மீனுக்கு அடியில் விரித்த இலை

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

வேலையை விட்டுவிட்டு அண்ணனோடு பண்ணையில் சேரப்போவதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன பெரிய பண்ணை, நம் வீட்டு மாடிதான். உன் அறைக் கட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையிலிருந்து கூரைவரை தட்டுத் தட்டாக அடுக்கி, மண்ணே இல்லாமல் தண்ணீரில் சாலட் இலை வளர்க்கிறான். வெளியே வெயில் சும்மா கொட்டிக் கிடக்கிறது, இவன் ஜன்னலை அடைத்துவிட்டுக் காசு கொடுத்து வெளிச்சம் வாங்குகிறான், அந்த விளக்குச் சூட்டைத் தணிக்க ஏசி வேறு. கீழே அப்பா வேர்த்து வழிகிறார், மேலே இலைகள் குளுகுளுவென்று இருக்கின்றன. விற்று வருவது கரண்ட் பில்லுக்கே பத்தவில்லை. அண்ணியே சமையலுக்குத் தெருவில் வண்டிக்காரரிடம்தான் கீரை வாங்குகிறாள், நம் வீட்டு இலை நமக்குக் கட்டுப்படியாகாதாம். கேட்டால், "கரண்ட் விலை குறையும்மா, இன்னும் கொஞ்ச வருஷத்துல ஊரே இப்படித்தான் பயிர் பண்ணும்" என்கிறான். பண்ணட்டும், குறைந்த பிறகு பண்ணட்டும், யார் வேண்டாம் என்றது.

போன வாரம் அவன் இலை வாங்குகிற பெரிய ஹோட்டலுக்கு எங்களைப் பெருமையாகக் கூட்டிப்போனான். வறுத்த மீனுக்கு அடியில் மெத்தை மாதிரி அவன் இலையை விரித்திருந்தார்கள். சுற்றிலும் ஒருத்தராவது அதை வாயில் வைக்க வேண்டுமே, மீனைத் தின்றுவிட்டு இலையை ஒதுக்கிவிட்டுப் போனார்கள், மேஜை துடைக்கிறவர் எச்சில் முள்ளோடு சேர்த்து வழித்து வாளியில் போட்டார். இதற்கா உன் அறை, இதற்கா பிள்ளை படித்த படிப்பு? அவனும் பார்த்தான். "அழகுக்குத்தாம்மா வெக்கிறாங்க, ஆனா தவறாம வாங்குறாங்க" என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்ற பாவத்துக்கு என் தட்டில் இருந்ததையெல்லாம் மென்று விழுங்கினேன், தண்ணீரைக் கடித்துத் தின்கிற மாதிரி இருந்தது. அவன் கெட்டவன் இல்லை, ஆனால் தொழில் வளர்ந்து உன்னைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிடாதே. உன் சேமிப்பு வந்தால் அந்த விளக்குகள் இன்னும் கொஞ்ச நாள் எரியும், அவ்வளவுதான்.

நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக இரு. கண்ணாடி மாற்றச் சொன்னேனே, மறக்காதே. வேலையை விடுகிறேன் என்று அங்கே ஏற்கெனவே சொல்லியிருந்தால் நாளைக்கே போய்த் திரும்பக் கேள், வெட்கப்படாதே. உனக்கும் சேர்த்து நான் இங்கே வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா