மாதேஷுக்கு வந்தது காய்ச்சல் இல்லை

மாரண்டஹள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அந்தக் கனடா குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம், தக்காளி விலைதான் படுத்துவிட்டது, அப்பா கோபத்தை மாட்டிடம் காட்டுகிறார், அது அவரைக் கண்டுகொள்வதே இல்லை. ஆண் குழந்தை என்று நீ சொன்னதும் ஊருக்கே சர்க்கரை கொடுத்த அம்மா, மறுவாரம் ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டாய். போனில் சொல்ல வாய் வரவில்லை கண்ணு, அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன் மாதேஷ் காய்ச்சலில் போனான் என்று உன்னிடம் சொன்னது பொய். ஒரு வயதில் சென்னப்பன் மாமா மடியில் வைத்துக் காது குத்தினோம், மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை, மஞ்சளும் துணியும் வைத்துப் பார்த்தோம், நான்காம் நாள் தருமபுரி போகிற பஸ்ஸிலேயே போய்விட்டான். மாமாவுக்குக் கை ராசி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பி, கூடப் பிறந்த அண்ணனிடம் முப்பத்தொரு வருஷம் பேசாமல் இருந்தேன். நிலத் தகராறு என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான். போன மாதம் என் தங்கை, உன் காவேரி சித்தியின் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், ஹீமோபிலியா, ரத்தம் உறையாத பிறவி நோய் என்றார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, உங்க வூட்டுல இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் இப்படி ஆயிருக்குதாங்க என்று கேட்டதும் மாதேஷுக்குக் காது குத்தியதை முழுக்கச் சொன்னேன். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஜெராக்ஸ் மாதிரி எல்லாவற்றையும் பிரதி எடுக்குமாம், என்றோ ஒரு தலைமுறையில் விழுந்த பிழை அப்படியே இறங்கி வருமாம். பெண்ணுக்கு இரண்டு பிரதி, ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும், ஆண் பிள்ளைக்கு அம்மா கொடுத்த ஒன்றுதான். மாதேஷுக்கு அதைக் கொடுத்தது நான்.

மறுநாளே மாமா வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு, நானும் எங் கையாலதான் போச்சுன்னு நெனச்சிருந்தேன் மணி, அதுக்கப்புறம் எம் பேரப்புள்ளைங்களக்கூட மடியில உக்கார வெச்சதில்ல என்றார்.

உனக்கும் அந்தப் பிழை வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம், வந்திருந்தால் பிள்ளைக்கும் அப்படியே. பயப்படாதே, இப்போது ஊசி இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். நாளைக்கே உன் டாக்டரிடம் இதையெல்லாம் சொல், டெஸ்ட் எடு, ஆயுதம் போட்டுப் பிரசவம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள், பிறந்ததும் ஊசி குத்தும் முன் ரத்தத்தைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளையிடமும் மறைக்காதே, மறைத்து நான் பட்டது போதும்.

நீங்கள் மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. என் மேல் கோபம் வரும், வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் ஒரு வரி போடு.

உன் அம்மா,
மணிமேகலை