பின்பக்கம் எழுதியது

ஜூன் 3

அன்புள்ள பஞ்சுக்கு,

மேஸ்திரி எழுதறேன். நல்லா இருக்கியா? நீ வேலையை விட்டு அந்த ஊருக்குப் போனப்புறம் நாலு வருஷமா ஒரு வரி எழுதல, தப்பு என்மேலதான். போன்ல பேசினா உனக்குக் கேக்காது, அதான் கடுதாசி.

நம்ம பாட்டில் கழுவுற ஆலைக்குப் புதுசா ஒரு ஆபீசரம்மா வந்திருக்காங்க. நாலாம் நம்பர் மெஷின்ல தகர மூடி ஆடி ஆடி அலறுமே, அந்தச் சத்தத்தால மொத்தம் என்ன நஷ்டம்னு எழுதிக் கேக்கறாங்க. பாரத்துல அந்த மெஷின்ல நின்ன ஒவ்வொரு ஆள் பேருக்கும் மூணு கட்டம்: மெஷின் நின்ன மணி, உடைஞ்ச பாட்டில், ஆளுங்க போட்ட லீவு.

உன் பேர் வந்ததும் பேனா நின்னுபோச்சு. உன் கையில மெஷின் நின்னதில்ல, பாட்டில் உடைஞ்சதில்ல, லீவுன்னு நீ கேட்டதே இல்ல. மூணு கட்டத்துலயும் சைபர். காது போன ஆளுக்கு மூணு சைபரான்னு கேட்டா, "அவரையே கேட்டு எழுதுங்க"ங்கறாங்க.

உனக்கு என்னென்னடா போச்சு? யோசிச்சு எழுது. தங்கச்சிய ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு.

இப்படிக்கு,
மேஸ்திரி

ஜூன் 14

மேஸ்திரிக்கு,

பஞ்சு எழுதறது. என் எழுத்து கோணல்மாணலா இருக்கும், நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பொறுத்துக்க.

என்னென்ன போச்சுன்னு கேட்டா எங்கேர்ந்து ஆரம்பிக்க? முதல்ல குக்கர் போச்சு. விசில் கேக்காம மூணு தடவை அடிப்பிடிச்சு, என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, என்னை அடுப்படிப் பக்கமே விடல. அப்புறம் சண்டை போச்சு. அவ திட்டறது எனக்குக் கேக்கலன்னு என்னைவிட அவளுக்குத்தான் வருத்தம். ஒரு ஸ்லேட்டு வாங்கி அதுல எழுதித் திட்டுவா. எழுதி முடிக்கறதுக்குள்ள கோவம் தீந்துடும், அழிச்சிட்டுச் சோத்தைப் போடுவா. நல்ல ஏற்பாடு, உன் வீட்லயும் செஞ்சு பாரு.

எங்கியோ போயிட்டேன். போன வருஷம் ஒரு மழைநாள். நான் முன்னறையில உக்காந்து குடைக்கம்பியை நிமித்திக்கிட்டிருந்தேன். பழைய குடை, எறியச் சொல்லி அவ நச்சரிச்ச குடை. பாத்ரூம்ல அவ வழுக்கி விழுந்திருக்கா. கூப்பிட்டிருக்கா. தெருவுல போன பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டு ஓடி வந்தா. நான் பத்தடி தூரத்துல இருந்தேன், மேஸ்திரி. கம்பி நிமிந்துடுச்சுன்னு சந்தோஷமா இருந்தேன்.

மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. வாய்மேல மூச்சுக்கு ஒரு கவசம். அதுக்குள்ள உதடு அசைஞ்சது. உதடு தெளிவாத் தெரிஞ்சாத்தானே படிக்க? ஸ்லேட்டை நீட்டினேன், கை எழும்பல. என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இதை எந்தக் கட்டத்துல எழுதுவ?

ஆலையில காதுல பஞ்சு வச்சுத்தான் நான் தப்பிச்சிக்கிட்டிருந்தேன். மணி அடிச்சாக் கேக்கணும்னு நீயே வந்து பிடுங்கின. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். பஞ்சு போயி பேர் மட்டும் தங்கிடுச்சு. அங்க கூப்பிட்டா யாருக்கும் கேக்காது, கையைத் தூக்கினா மேஸ்திரி வரணும், அதுதானே நம்ம பழக்கம். ஆடற அந்தத் தகர மூடியைக் காட்ட எத்தனை நாள் கையைத் தூக்கிட்டு நின்னேன்! நீ பாக்கலபோல.

அவ்வளவுதான். உடம்பைப் பாத்துக்க.

பஞ்சு

ஜூன் 29

அன்புள்ள பஞ்சுக்கு,

தங்கச்சி போனது எனக்குத் தெரியாதுடா. தெரியாம விசாரிச்சு எழுதியிருக்கேன் பாரு.

பாரத்துல இடமில்ல. திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். குக்கர், ஸ்லேட்டு, குடை எல்லாம். ஆபீசரம்மா படிச்சிட்டு உடனே போனை எடுத்தாங்க. மறுநாளே மெக்கானிக் வந்தான். மெஷின்லாம் மாத்த வேணாம், ரெண்டு திருகாணி போதும்னான். அரை மணி நேரம் மெஷின் நின்னுது, அவ்வளவுதான் வேலை. இப்ப நாலாம் நம்பர் பக்கத்துல நின்னு சாதாரணமாப் பேசலாம். அந்த அமைதி எனக்குத் தாங்கல, வெளியில வந்துட்டேன்.

நீ "பாக்கலபோல"ன்னு எழுதியிருக்க. பாத்தேன்டா. ஒவ்வொரு தடவையும் பாத்தேன். வந்தா மெஷினை நிறுத்தணும், நிறுத்தினா என் பேர்ல அரை மணி எழுதுவாங்க. அதனால முகத்தைத் திருப்பிக்கிட்டேன். இதையும் பின்பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேர்ல சொல்லணும்னு காலையில பஸ் ஏறி வந்தேன். உன் கதவை ரொம்ப நேரம் தட்டினேன். அப்புறம்தான் உறைச்சது, யாரு கதவைத் தட்டறேன்னு. ஜன்னல் பக்கம் போனேன். நீ வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்த, பக்கத்துல ஸ்லேட்டு. நான் கையைத் தூக்கினேன்.

நீ நிமிந்து பாத்த. நல்லாப் பாத்த. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு வெங்காயத்தை எடுத்த.

கொஞ்ச நேரம் அப்படியே கையைத் தூக்கிட்டு நின்னேன்டா, கை வலிக்கற வரைக்கும். நீ எத்தனை நாள் நின்னிருப்ப!

இதை எதிர்க்கடையில உக்காந்து எழுதறேன். கதவுக்கு அடியில தள்ளிட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன்.

மேஸ்திரி