மூன்றாம் முறை காதில் சொன்ன பெயர்

இன்று காலை சிட்லபாக்கம் வீட்டு அலமாரியை ஒழித்தபோது நம்முடைய நீல டைரி கிடைத்தது. திறந்ததும் கம்பெனி பஸ்ஸின் வாசனை. ரெக்சின் சீட்டும் உன் தேங்காய் எண்ணெயும் கலந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரத்தில் ஏறிச் சிறுசேரியில் இறங்கும்வரை நமக்கு ஒரே வேலை. முந்தின நாள் போனில் பேசிய வெளிநாட்டுக்காரர்களின் பெயருக்கு என்ன பொருள் என்று எழுதிவைப்பது. வேலை விஷயமாகப் பேச வந்தவர்களிடம் நீ வெட்கமே இல்லாமல் கேட்பாய். கானா நாட்டுக் கோஃபி வெள்ளிக்கிழமை பிறந்தவன். பீட்டர் என்றால் பாறை. தாமஸ் என்றால் இரட்டைப்பிள்ளையாம். செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று பரங்கிமலையை எத்தனையோ முறை சொல்லியும் நமக்கு அது தெரியவில்லை. ஜப்பான் யூக்கி, ஒரு விதமாக எழுதினால் பனி, வேறு விதமாக எழுதினால் மகிழ்ச்சி என்று சொல்லி நம்மைக் குழப்பினாள்.

மேடவாக்கம் தாண்டினால் சதுப்பு நிலத்தின் மேல் மூடுபனி நிற்கும். நீ ஜன்னலில் தலை சாய்த்து, பாதித் தூக்கத்தில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்பாய். அவர்களெல்லாம் நம் பஸ்ஸிலேயே எங்கோ பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவதாக எனக்குத் தோன்றும்.

கேன்டீன் அக்காவின் பெயர் போதும்பொண்ணு என்று தெரிந்த அன்று உனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா சிரித்தார். "இன்னாத்துக்கும்மா அழுவுற? எனக்கப்புறம் தம்பி பொறந்துச்சி. ராசியான பேருன்னு எங்கப்பா சொல்லிகினே இருப்பாரு." அதையும் டைரியில் எழுதினாய்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதுதான் உனக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வயிற்றைத் தொட்டுச் சொன்னாய்: "பொண்ணு பொறந்தா என் பேரை வைடி. எனக்கப்புறம் அந்தப் பேரைக் கூப்பிட ஆளில்ல."

"சத்தியமா வைக்கிறேன்" என்றேன். பிள்ளை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

பெண்தான் பிறந்தாள். உன் பெயரைச் சொன்னதும் மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "அவங்க மதத்துப் பேரை நம்ம வீட்ல வச்சா சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?" கணவர் தரையைப் பார்த்தார். நான் சரியென்று தலையாட்டினேன். அந்தக் கோழைத்தனத்துக்காக இன்றும் என்மீது எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதினோராம் நாள், தட்டில் பரப்பிய அரிசியில் அவர்கள் முடிவு செய்த பெயரை எழுதினார்கள். அதைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். பஸ்ஸில் ஒருநாள் நீ கேட்டது நினைவுக்கு வந்தது. "எங்க வீட்ல வலது காதுல தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கைச் சொல்லிட்டு அப்புறம்தான் பேரு. உங்க வீட்லயும் காதுலதானா? அப்ப யாருக்கு என்ன சொன்னாங்கன்னு வெளிய யாருக்குடி தெரியும்?"

இரண்டு முறை அவர்கள் வைத்த பெயரைச் சொன்னேன். மூன்றாம் முறை உன்னுடையதை. பிள்ளை கொட்டாவி விட்டது. எல்லோரும் சர்க்கரை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. பள்ளியிலும் வீட்டிலும் அந்த அரிசிப் பெயர்தான். இந்த மடல் அவர்கள் கையில் கிடைத்தாலும், அவர்கள் வேண்டாம் என்ற பெயர் மறுபடி அவர்கள் வாயில் வரக்கூடாது. அதனால்தான் எங்கும் உன் பெயரை எழுதவில்லை. ஞாயிறு மதியங்களில் அவள் தூங்கும்போது மட்டும், குனிந்து மெதுவாக ஒருமுறை அதைச் சொல்வேன்.

போன வாரம் சொன்னபோது, கண்ணைத் திறக்காமலே "ம்" என்றாள்.