இவருக்குச் சரிவராத இடங்கள்

ஞாயிறு, 19 ஒக்டோபர்

காலையிலிருந்து மழை. உடுப்புத் தோய்க்கும் மெஷின் இரண்டாம் தரம் ஓடுகிறது.

ராசன் அண்ணை தன்னுடைய வோன்மொபிலைத் தருகிறாராம், வியாழன் முதல் ஞாயிறு வரை. கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் வண்டிக்குள்ளேயே. பழசு. நாலு தொன். மகள் துஷாவின் லைசென்ஸ் மூன்றரை தொன்னோடு சரி. இவருக்கும் எனக்கும் பழைய லைசென்ஸ், ஓட்டலாம். எனக்கு என்பது பேச்சுக்கு. துஷா பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் கடைசியாக ஸ்டியரிங் பிடித்தது.

போவது ஜேர்மனி–பெல்ஜியம் எல்லையில் உள்ள ஐஃபெல் தேசியப் பூங்கா. பூங்காவுக்குள் இரவு நிறுத்தத் தடை, வெளியே இடம் பிடிக்க வேண்டும். து. ஆஹெனில் படிக்கிறவள், பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று இடம் தேடி அனுப்பியிருக்கிறாள்:

1. ஏரிக்கரை. வடிவு. கடைசி நாலு கி.மீ. வளைவு ரோட்டு.
2. மலைமேல், காட்டோரம். நட்சத்திரம் தெரிய வேண்டுமென்று விளக்குப் போட மாட்டார்களாம். து.வுக்கு இதுதான் வேண்டும்.
3. பெரிய ரோட்டோரம், பெற்றோல் செட்டுக்குப் பின்னால். லொறிச் சத்தம் இலவசம்.

இவர் படத்தைப் பார்க்காமலே மூன்றாவது என்றார்.

"தெரிஞ்ச பாதை. பஸ்ஸில பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்திக்கொண்டு அந்தப் பக்கம் எத்தினை தரம் போயிருப்பன்."

"ஊருலகம் ஏரி பாக்கப் போகுது. நாங்கள் பெற்றோல் மணக்கப் போறமோ?"

"உமக்கு ஒண்டும் விளங்காது."

இருபத்தாறு வருடமாக எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

செவ்வாய், 21

முதியோர் இல்லக் குசினியில் நூற்றிப்பத்துச் சாப்பாடு. ஒரு ஆள் சுகமில்லை, நான் இரண்டு ஆள். கால் வீக்கம்.

நாளை கந்தசஷ்டி தொடக்கம். ஒரு நேரச் சாப்பாடு. வாங்க: பால், வாழைப்பழம், அவல், கற்பூரம், வண்டிக்குக் காஸ்.

போனில் து.வுக்கும் இவருக்கும் சண்டை.

"அப்பா, லைற் இல்லாட்டில் என்ன? அதுக்குத்தானே போறம்."

"ஏலாது. நாலு மணிக்கு முதல் போய்ச் சேரோணும். வெளிச்சமான இடமா இருக்கோணும்."

நாலு மணி! ஆறரைக்குத்தான் பொழுது படும். கிழவன் ஆகிவிட்டார் என்று து. சிரித்தாள். ஐம்பத்தெட்டு. நானும் சிரித்தேன்.

வியாழன், 23

குளிர், மழையில்லை. 9.20க்கு வெளிக்கிட்டோம். மறந்தவை: என் கம்பளிக் காலுறை, கத்தரிக்கோல்.

ஓட்டோபான் நெடுஞ்சாலையில் பழைய கூத்து. "அந்த போர்ட்டை வாசியும் பாப்பம்." இரண்டு வருடமாக இப்படித்தான். எங்கே போனாலும் போர்ட்டெல்லாம் நான் வாசிக்க வேண்டும். எனக்கு டொச், ஜேர்மன் பாஷை, வருமோ என்று சோதிக்கிறார். நானும் விடுவேனோ? பிழையில்லாமல் ஒப்புவித்துக்கொண்டு வந்தேன். ஆஹெனில் து. ஏறினாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நல்லாயில்லை, சொல்லவில்லை.

3.10க்கு மூன்றாம் இடம். பெற்றோல் மணம், இவருக்கு வீட்டுக்கு வந்த மாதிரி. நிர்வாகப் பெண் வந்து சொன்னது: இன்றைக்கு மட்டும்தான். நாளை ஒரு கூட்டம் வருகிறது, இடமில்லை.

இவருடைய முகம் செத்துப்போயிற்று. "அப்ப நாளைக்கு வீட்ட போவம். விரதக்காரியை ஏன் அலைக்கழிப்பான்?" என் விரதத்தில் திடீரென்று இவ்வளவு கரிசனை! கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் விரதமிருக்கிறேன்.

து. அழுகிற மாதிரி. "நாலு நாள் எண்டு சொல்லித்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்." ஏரிக்கரைக்குப் போன் அடித்துப் பார்த்தாள், நிறைந்துவிட்டது. மிஞ்சியது இரண்டாம் இடம். மலைமேல். சரி போவோம் என்று நானே முடிவாகச் சொன்னேன். இவர் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார்.

வெள்ளி, 24

நல்ல வெயில். எழுத்துக் கோணலாக வருகிறது.

பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். காட்டு ரோட்டு, மர நிழல், வெயில், மறுபடி நிழல். இவர் முப்பதில் போகிறார், பின்னால் வந்தவன் கோர்ன் அடிக்கிறான். ஒரு வளைவு தாண்டிக் கார் விடுகிற இடம். அங்கிருந்து ஒரு பெண்ணும் நாலு வயதுச் சிறுமியும் கைபிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்கள். தூரத்திலேயே கண்டேன். இவர் பெடலிலிருந்து காலை எடுப்பார் எடுப்பார் என்று பார்க்கிறேன். எடுக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ! பிள்ளை! பிள்ளை!"

நின்றது. தட்டுமுட்டெல்லாம் பின்னால் விழுந்தது. அந்தப் பெண், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மற்றக் கையால் வண்டியின் முகத்தில் அடித்தாள். கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தோம் என்று அப்போதுதான் விளங்கியது.

"வெயில் கண்ணில அடிச்சுப்போட்டுது" என்றார்.

வண்டியின் நிழல் எங்களுக்கு முன்னால் கிடந்தது. வெயில் முதுகுப் பக்கம்.

"திறப்பைத் தாங்கோ" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். வாய் திறக்காமல் சாவியைத் தந்தார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. மிச்சம் மூன்று கி.மீ. நான்தான், இரண்டாம் கியரில். "அம்மா, கிளட்ச்! அம்மா, வலப்பக்கம்!" முருகா என்று சொல்லாத வளைவு இல்லை.

சனி, 25

இடம் வடிவாம். து. சொல்கிறாள். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. போர்ட்டு வாசிப்பு. நாலு மணி. வெளிச்சமான இடம். தீபாவளிக்கு ராசன் அண்ணையின் தம்பியை ராசன் என்று கூப்பிட்டது. பேப்பர் வாசிப்பதை விட்டது. நான் என்ன நினைத்தேன்? சோம்பல், பிடிவாதம், கஞ்சத்தனம். பக்கத்தில் படுக்கிறவள். கழுதை நான்.

து. நடக்கப் போனாள். இவரை வண்டிப் படிக்கட்டில் இருத்திக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். நடுவில ஒரு அழுக்கு மாதிரி. ஓரம் தெரியுது."

"பஸ்?"

"என்ர லைன் எனக்கு மனப்பாடமப்பா. எந்த இடத்தில எந்தக் குழி எண்டு தெரியும்."

"குழி சரி. பிள்ளையள் தெரியுதோ?"

பெருவிரலால் கண்ணை அழுத்தித் துடைத்தார்.

"ஜக்கெற் தெரியும். சிவப்பு, மஞ்சள். முகம் தெரியாது. குரலை வைச்சுத்தான் ஆர் எண்டு கண்டுபிடிக்கிறனான்."

கறுப்பு ஜக்கெற் போட்ட பிள்ளை? கேட்க வாய் வரவில்லை. ஐயோ, இரண்டு வருடம். ஒவ்வொரு காலையும் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான்.

ஏன் டொக்டரிடம் போகவில்லை? போனால் லைசென்சைப் பறிப்பார்களாம். பஸ் சாரதிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கண் பார்ப்பது, அடுத்தது மார்ச்சில். அதுவரை ஓட்டிவிட்டுப் பிறகு நிறுத்துகிறேன் என்கிறார். விடுமுறை முடிந்து திங்கள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. 6.05க்கு இவருடைய முதல் பஸ்.

"ஒரு நாளும் இல்லை" என்றேன்.

அழுதார். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது, அதுதான் பெரிய கரைச்சல்.

ஞாயிறு, 26

மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றினோம். முழுத் தூரமும் நான் ஓட்டினேன். எண்பதுக்கு மேல் போகவில்லை, லொறிக்காரர்களே முந்தினார்கள். ஆஹெனில் து. இறங்கும்போது காதில் சொன்னாள்: "அம்மா, நீங்கள் அப்பாவை ஓட்ட விடமாட்டீங்கள்தானே?" அவளுக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் ஊர் ஹம் வந்து சேர்ந்தோம். வண்டி கழுவியாயிற்று. ராசன் அண்ணை நன்றி சொல்லக்கூட விடவில்லை, "எப்பிடி இடம்?" என்று கேட்டார். நல்ல இடம் என்றோம் இருவரும்.

பின்னேரம் இவர் நாளைக்கு வேலைக்குப் போடுகிற சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்குகிறார். நான் சொன்னேன்: "நீங்கள் வேலையிடத்துக்குப் போன் எடுக்காட்டில் நான் எடுப்பன்."

"புருசனைக் காட்டிக் குடுப்பீரோ?"

அந்தச் சொல்லை ஊரில், சண்டைக் காலத்தில், எங்கள் ஆட்கள் எப்படிப்பட்டவர்களுக்குச் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார். சுட்டது. "ஓம், குடுப்பன்" என்றேன்.

கந்தா, ஐந்தாம் நாள். பழமும் இறங்கவில்லை.

திங்கள், 27

5.10. முழுக உடுப்பு எடுத்துவைத்தேன், முழுகவில்லை. ஆறாம் நாள்.

வேலை உடுப்பெல்லாம் போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றார். நான் குசினி வாசலில், கையில் போன்.

"வெளியில நல்ல பனிப்புகார் என்ன?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கில் எதிர் வீட்டு இலக்கம், கம்பியில் கட்டின சைக்கிள், அதன் சீற்றில் கிடந்த இலை வரைக்கும் தெரிந்தது.

"இல்லையப்பா. ஒண்டும் இல்லை. தெளிவா இருக்கு."

யன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தார். பிறகு கதிரையைத் தடவி அதில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒன்று. மற்றது. கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்து இலக்கத்தைச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன்.

இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் தன் பெயர். பிறகு பஸ் இலக்கம். பிறகு கண் என்றார்.