பிரேக் பிடிக்காத மூவர்

புதன்கிழமை, ஆவணி 12

நித்திரை வரவில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

கந்தோர் வேலை முடிந்து ராணியும் சரோஜாவும் நானும் ஓர்ஸ் ஹில் இறக்கத்துக்கு வந்தோம். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. தனியே வந்தால் அந்த இடத்தில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுதான் என் வழக்கம். இன்று ராணி, "பிரேக் பிடிக்கிறவள் நாளைக்கு வடை வாங்கித் தரவேணும்" என்றாள். நான் ஏன் தலையாட்டினேனோ தெரியாது.

சேலை படபடக்க, கத்திக்கொண்டு பறந்தோம். அடியில் ஆமியின் சென்றிக் காவலரண் இருப்பது வளைவு திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது. அங்கே தூரத்திலேயே இறங்கி நடக்கவேண்டும். ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான். மூவரும் ஒன்றாகப் பிரேக்கை அழுத்தினோம். எங்கள் நரைத்த தலைகளைக் கண்டதும் அவன் துவக்கைத் தாழ்த்தி, "அம்மா, மெல்ல, மெல்ல" என்று சிரித்தான். சோதனைக்கு வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ரியூசன் விட்டு வந்த என் மகள்.

இதே இறக்கத்தில் சிநேகிதிகளோடு பறந்ததற்காக நேற்றுத்தான் அவளை ஏசினேன். இன்று இரவு சாப்பிடும்போது என் ஏச்சையே எனக்குத் திருப்பித் தந்தாள்.

"கூட்டாளியளைக் கண்டால் மூளை கழண்டிடுமோ? நாளைக்குத் தனியப் போய் வாங்கோ, அம்மா."

"ஓம் பிள்ளை" என்றேன்.

காலை ஏழரைக்கு ராணியும் சரோஜாவும் படலை வாசலில் வந்து மணியடிப்பார்கள். சைக்கிளுக்கு இப்போதே காற்றடித்து வைத்துவிட்டேன்.