அக்கா, அன்று உனக்கு ஹிந்தி ஏன் வரவில்லை?

என் செல்ல மீனாக்காவுக்கு,

பயப்படாதே, நல்ல செய்திதான். உன் தம்பி இந்த வயதில் மறுபடி வகுப்புக்குப் போனான். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணையாகப் போகிறவர்களுக்கான பயிற்சி. நம் தில்லி கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடந்தது. டீதான் சகிக்கவில்லை.

ஏன் சேர்ந்தேன் என்று கேட்பாய். கோபத்தில்தான். கார் நிறுத்தும் சண்டையில் உன் கையை முறித்தவன் இன்றும் அதே இடத்தில்தான் காரை நிறுத்துகிறான். பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று போலீஸிடம் சொன்ன இரண்டாம் மாடிக்காரரோடு நான் இன்னும் லிஃப்டில் ஏறுவதில்லை. முழங்கால் வலித்தாலும் படிதான். தீர்ப்பு வருவதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய். எனக்கு யார்மீதாவது பாய வேண்டியிருந்தது.

"கோவத்த வச்சு என்னலே செய்யப் போத? ஊறுகாயா போடப் போத?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

முதல் நாளே நடித்துக் காட்டச் சொன்னார்கள். சட்டம் படிக்கும் சிம்ரன் என்ற பெண் பாதிக்கப்பட்டவள், நான் அவளுக்குத் துணை, இன்னொருவர் போலீஸ்காரர். அவர் வாயைத் திறந்ததுமே நான் எழுந்து கத்திவிட்டேன். சிம்ரனால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

பயிற்சி தந்த கபூர் மேடம் நிறுத்தினார். "சங்கரன் ஜி, இது யாருடைய சண்டை?" என்று ஹிந்தியில் கேட்டார். இப்படியே இருந்தால் உங்களை யாரோடும் அனுப்ப முடியாது என்றார். நான் மறக்காதவர்கள் வரிசையில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதியில் விட்டால் நீ சும்மா விடமாட்டாய் என்று போனேன். மேடம் என்னைப் பாதிக்கப்பட்டவரின் நாற்காலியில் உட்கார வைத்தார். உனக்கு நடந்ததையே எனக்கு நடந்ததாக வைத்துக்கொண்டேன்.

"அந்த நேரத்தில் அங்கே உமக்கு என்ன வேலை?" என்று ஹிந்தியில் கேட்டார் போலீஸ்காரராக நடித்தவர். வெறும் நடிப்பு. ஆனால் எனக்கு ஹிந்தி வரவில்லை. சின்ன வயதிலிருந்து தில்லியில் இருப்பவனுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. "எங்க எடத்துலதாம்யா வண்டிய விட்டேன்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அன்று நீ புகார் கொடுக்கப் போனபோது ஸ்டேஷனில் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது, தமிழில். காய்கறிக்காரனை அவன் ஹிந்தியிலேயே மடக்குகிறவள் நீ. உள்ளே சிரித்தார்கள். திரும்பும்போது ஆட்டோவில், "ஏங்க்கா?" என்று கேட்டேன். "தெரியலடே, வரல" என்றாய். இத்தனை வருடம் அது எனக்குப் புரியவில்லை, அக்கா.

வகுப்பில் இந்த முறை எனக்குத் துணையாக நடித்தவள் சிம்ரன். சிரித்தவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அங்கிள், அப்னி பாஷா மே போலியே" என்றாள். உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், நான் இருக்கிறேன் என்றாள். பேசினேன். அவளுக்கு எதுவும் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஹிந்தி தானாக வந்தது.

உனக்கு அன்று வேண்டியிருந்தது இவ்வளவுதானா? என்னை உள்ளே விட்டிருந்தால், நான் இதைச் செய்திருப்பேனா?

கடைசி நாள் கபூர் மேடம் கூப்பிட்டார். ஜனக்புரியில் ஒரு தமிழ் அம்மா, கோர்ட்டில் கேள்வி கேட்டாலே ஹிந்தி மறந்துவிடுகிறதாம், போவீர்களா என்றார். "கத்தமாட்டீர்களே?" என்றும் கேட்டுக்கொண்டார். அந்த அம்மாவிடம் போனில் பேசினேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலிம்மா."

"நாங்க தஞ்சாவூர். பரவால்ல, புரியும்."

அழுதுகொண்டே பேசியவர், அதைச் சொன்னபோது சிரித்தார்.

இரண்டாம் மாடிக்காரரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இன்னும் படிதான். ஆனால் திங்கட்கிழமை கோர்ட்டில் அந்த அம்மா தன் வாயால் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன். நாற்காலி இல்லையென்றால் கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் போட்டு உட்காருவேன். உன்மேல் சத்தியம்.

வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்ட
உன் தம்பி,
சங்கரன்