பிரைமரிக்குத் திரும்பாத ரூட்டீன்

கவரைப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லோகுவுக்கு, பரசுராமன் எழுதுவது.

மில்லின் கணினிக்கு நீ எழுதிய ரூட்டீனில், அந்தச் சிறு நிரலில், இருந்த பிழையை அங்கே நிரல் எழுதும் காயத்ரியின் தலையில் போட்டு மில்லுக்கு அறிக்கை கொடுத்துவிட்டாய். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அங்கே உன் அறிக்கையைத்தான் படிப்பார்கள்.

டொராண்டோவில் குளிர் குறைந்திருக்கும். இங்கே என் வீட்டுக்காரி முத்தம்மாளுக்கு முழங்கால் வலி தேவலை. நான் இந்த மெயிலை அடிக்க உட்கார்ந்ததும், "போன்ல ரெண்டு வார்த்தை பேசினா முடிஞ்சுது. சிநேகிதருக்கு இன்னாத்துக்கு வக்கீல் நோட்டீசு மாதிரி எழுதிக்கினு கீறீங்க?" என்றாள். போனில் நீ சிரித்து மழுப்புவாய். நானும் விட்டுவிடுவேன்.

மேலாளர் பாஸ்கருக்கு நான் இதை அனுப்பவில்லை. நீயே அனுப்ப வேண்டும் என்பதால் அவருக்கும் புரியும்படி எழுதுகிறேன். கம்பிச் சோதனை முடிவுகள் நம் மில்லுக்குக் கணினி நினைவகத்தின் ஒரு தனிப் பகுதியிலும், அதாவது ஒரு அட்ரஸ் ஸ்பேஸிலும், இரண்டாம் மில்லுக்கு இன்னொன்றிலும் இருக்கின்றன. அமைப்பு ஒன்றே. பன்னிரண்டாம் எண் வீடு பொன்னேரியிலும் உண்டு, கும்மிடிப்பூண்டியிலும் உண்டு. எந்த ஊர் என்று சொல்வதுதான் மோடு. பிரைமரி மோடில் நிரல் தன் ஊரில் தேடும். ஆக்சஸ் ரெஜிஸ்டர் மோடில், அந்த ரெஜிஸ்டர் காட்டும் ஊரில் தேடும்.

உன் ரூட்டீன் இரண்டாம் மில்லைப் பார்க்க மோடை மாற்றுகிறது. விவரம் கிடைத்தால் பிரைமரிக்குத் திரும்பிவிட்டு வெளியேறுகிறது. கிடைக்காவிட்டால் திரும்பாமலே வெளியேறுகிறது. அதன் பிறகு, அதை அழைத்த நிரல் நம் மில் என்று நினைத்து இரண்டாம் மில்லின் முடிவைப் படித்தது. அங்கேயும் ஏதோ ஒரு முடிவு இருந்ததால் நிரல் நிற்கவும் இல்லை. ஒரு லோடு கம்பிக்கு வேறு கம்பியின் சான்று அச்சானது.

அந்த வாரம் காயத்ரி சான்றின் தலைப்பு வரியை மாற்றியிருந்தாள். அவ்வளவுதான். "சார், அவரு ரூட்டீன் பக்கமே நான் போவல. பெரியவரு எழுதிட்டாரு, நான் இன்னா சொன்னாலும் யாரு கேப்பாங்க?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நிரல் எழுத நாம் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. ஒரு பழைய மேனுவலை இரண்டாகக் கிழித்துப் பங்கு போட்டுப் படித்தோம். மோடு பற்றிய பாதி உன் பங்கில்தான் வந்தது. பார்த்தும் எழுதாமல் விட்டாயா, பார்க்காமலே எழுதினாயா என்று நான் கேட்கப்போவதில்லை.

வியாழக்கிழமைக்குள் நீ அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்று, பிழை யாருடையது என்று உன் பெயரிலேயே எழுத வேண்டும். பாஸ்கர் காயத்ரியை மறுபடி வேலைக்கு அழைக்க வேண்டும். வெளியேறும் எல்லா வழியிலும் பிரைமரிக்குத் திரும்பும் கட்டளையை காயத்ரியே சேர்க்கட்டும். அதுவரை சோதனைப் பிரிவு எந்தச் சான்றையும் வெளியே விடக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை நான் மில் வாசலில் இருப்பேன். உன் கடிதம் முன்னால் போயிருந்தால் காயத்ரியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவேன். போகவில்லை என்றால் உள்ளே போய் நானே சொல்ல வேண்டியிருக்கும். லோகு, அதை என்னைச் செய்ய வைக்காதே.

நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

பரசுராமன்